எம்எக்ஸ்-5 பின்சக்கர வளைவு: கல்லடிக்கும் இரைச்சலுக்கும் என்ன செய்யலாம்?

கேள்வி: லீட்ஸ் வாசு

வணக்கம். என்னிடம் 2003 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.8 இன்ஜின், 16 அங்குலச் சக்கரம், 205/45 டயர். வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். சனி ஞாயிறுகளில் ஸ்கிப்டன் தாண்டி யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைச்சாலைகளில் ஓட்டுவதற்காகவே இதை வாங்கினேன். சில்லில் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பகுதி) துரு இல்லை, அடியில் வெல்டிங் இல்லை என்று பார்த்து வாங்கிய கார். அதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பதுதான் ஆசை.

இங்கே கோடையில் கிராமச் சாலைகளைப் புதுப்பிக்கும் விதம் தெரிந்திருக்கும். தார்க் கலவையைத் தெளித்து, அதன்மேல் பொடிஜல்லியைக் கொட்டி உருளை ஓட்டிவிட்டு, 20 மைல் வேகப் பலகையை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மிச்ச ஜல்லியைக் கூட்டி அள்ளும்வரை கார்களின் சக்கரம்தான் அதை அழுத்துகிறது. நான் 20 மைலில்தான் போகிறேன். அப்படியும் பின்சக்கர வளைவுக்குள், அதாவது சக்கரத்தை மூடியிருக்கும் தகட்டுக் குழிக்குள், கல் அடிக்கிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. எதிரே வருகிறவர்களும் பின்னால் ஒட்டி வருகிறவர்களும் அந்த வேகத்தை மதிப்பதில்லை என்பது வேறு கதை.

முன்சக்கரங்களுக்கு பிளாஸ்டிக் லைனர் (வளைவுத் தகட்டை உள்ளிருந்து மறைக்கும் உறை) இருக்கிறது. பின்னால் ஒன்றும் இல்லை, தகடும் கம்பெனி பூசிய பழைய பூச்சும்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். வளைவின் பின்பாதியில் பெயின்ட் பல இடங்களில் பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்திருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் பழுப்பு தெரிகிறது. ஆணியால் குத்திப் பார்த்தேன், தகடு உறுதியாக இருக்கிறது.

இதைத் தவிர மோட்டார்வேயில் டயர் உறுமல். கூரை மூடியிருந்தால் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரே இரைச்சல். மனைவி பக்கத்தில் இருந்தால் பேசவே முடியவில்லை.

கேட்க நினைப்பது இவ்வளவுதான். வளைவுக்குள் அண்டர்சீல் (காரின் அடித்தகட்டுக்கு அடிக்கும் துருத் தடுப்புப் பூச்சு) அடிப்பதா, ராப்டர் மாதிரி கெட்டியான பூச்சு அடிப்பதா? சத்தம் குறைக்கும் பியூட்டைல் ஷீட்டைச் சக்கரம் இருக்கிற பக்கத்திலேயே ஒட்டலாமா? பிளாஸ்டிக் தகட்டில் நானே ஒரு லைனர் செய்துகொள்ள முடியுமா? கராஜ் கிடையாது, வீட்டு முன்னால் சிமென்ட் தரை இருக்கிறது. ஜாக், ஸ்டாண்டு, சாதாரண ஸ்பேனர் செட் இருக்கின்றன. 200 பவுண்டுக்குள் முடிந்தால் நல்லது.

பதில்: சவுத்ஹால் ரவி

பெரிதாக யோசிக்க வேண்டாம் வாசு. ரப்பர் அண்டர்சீல் ஸ்பிரே இரண்டு டின் வாங்குங்கள். சக்கரத்தைக் கழற்றி, தண்ணீர் அடித்துக் கழுவி, காய்ந்ததும் தடிமனாக அடித்துவிடுங்கள். ஒரு மதியத்தில் முடிந்துவிடும். என் பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு அப்படித்தான் செய்தேன், கல் சத்தம் மந்தமாகிவிட்டது.

பதில்: கவென்ட்ரி பட்டறை

வாசு தம்பி, ஸ்பிரே டின்னைத் திறக்கிறதுக்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ரவி சொன்னதில் பாதி சரி. பூச்சு தடிமனானால் கல் சத்தம் மந்தமாகும், அது உண்மை. ஆனால் அந்தப் பூச்சுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கிற வேலை என்னுடையது. பாடி ரிப்பேர்தான் என் தொழில். இந்த வயதுக் கார்கள் வாரம் தவறாமல் என் லிஃப்டில் ஏறுகின்றன. துருவின்மேல் அடித்த அண்டர்சீலைச் சுரண்டினால் தகடே கையோடு வந்துவிடும். அதைப் பார்க்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கும், காரணம் பெரும்பாலும் அது காரை நேசித்த ஒருவர் காசு செலவழித்துச் செய்த வேலை.

முதலில் கல் எங்கே அடிக்கிறது என்று பாருங்கள். கார் 60 மைலில் போனால் டயரின் மேற்பரப்பும், காரிலிருந்து பார்க்கும்போது, அதே 60 மைலில் சுழல்கிறது. பட்டையில் ஒட்டியிருந்த கல் பிரிகிறபோது அந்த வேகத்தில்தான் பிரியும். தரையை விட்டதும் டயரின் பின்பக்கம் மேல்நோக்கிப் போகிறது அல்லவா, அதனால் வளைவின் பின்பாதிதான் அடி வாங்கும். நீங்கள் பார்த்த பொட்டுகள் அங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான். அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 மைலில் வருகிற கல்லைவிட 60 மைலில் வருகிற அதே கல்லுக்கு ஒன்பது மடங்கு ஆற்றல். எனவே 20 மைல் பலகையை நீங்கள் மதிக்கிறது மிக நல்ல காப்பு, அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். முன்டயர் வீசுகிற கல் சில்லின் ஓரமாகப் போய், பின்சக்கர வளைவின் முன்விளிம்பில் அடிக்கும். அதாவது கதவுக்குப் பின்னால், சில்லும் வளைவும் சேர்கிற மூலை. இந்த மாடலில் துரு பிடிக்கிற மூலையும் அதுதான். கூரையிலிருந்து வடிகிற மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற குழாய் வழியாகக் கீழே இறங்கி அந்தப் பக்கம்தான் வெளியே போகும். இலைக்குப்பை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே தங்கி, சில்லை உள்ளிருந்தே அரித்துவிடும். நீங்கள் வெளியே எவ்வளவு பூசினாலும் அதைத் தடுக்காது. ஆகவே முதல் வேலை அந்த இரண்டு குழாய்களிலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. ஊற்றிய தண்ணீர் காருக்கு அடியில் தாராளமாக வர வேண்டும். வரவில்லை என்றால் வளையக்கூடிய நைலான் கம்பி விட்டு மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். முரட்டுக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்தால் தண்ணீர் உள்ளேதான் ஊற்றும்.

சக்கரத்தைக் கழற்றுகிற நாளிலேயே முன்பக்க லைனரையும் கழற்றிவிடுங்கள். அதற்குப் பின்னால், முன் விங்கின் (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வெளித்தகடு) கீழ்முனையில் ஈரமண் அடைந்து கிடக்கும். அதை யாரும் எடுப்பதே இல்லை. உப்பு கலந்த மண் வருடக்கணக்காகத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் இந்த ஊர்ச் சாலையில் கொட்டுகிறது பாறை உப்பு. ஒரு மழையில் போய்விடும் என்று நம்பாதீர்கள், மண்ணுக்குள் தங்கிவிடும்.

சரி, பூச்சுக்கு வருவோம். பழுப்புத் தெரிகிற இடங்களைக் கம்பி பிரஷ் வைத்துப் பளிச்சென்று தகடு தெரிகிற வரை தேயுங்கள். கம்பெனி பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கிற இடத்தைத் தொடாதீர்கள். அது நன்றாக இருக்கிறவரை நம்மால் அதைவிடச் சிறப்பாகப் பூச முடியாது. விளிம்பு தூக்கியிருக்கிற இடங்களை மட்டும் சுரண்டிவிடுங்கள். தேய்த்தும் போகாத புள்ளிகளுக்குத் துரு மாற்றி, அதாவது துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம், போடலாம். பில்ட் ஹாம்பர் ஹைட்ரேட் 80 எனக்குப் பழக்கம், நம்பி வேலை செய்யலாம். அது காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர். பிரைமருக்கு மேல் கல்லடிப் பூச்சு. கிராவிடெக்ஸ் மாதிரி, மேலே பெயின்ட் அடிக்கக்கூடிய வகையாக வாங்குங்கள். அதன்மேல் கார் நிறத்தில் ஒரு கை பெயின்ட். கறுப்பை அடித்துவிட்டால் பிறகு துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கார் நிறம் என்றால் ஒவ்வொரு புதுப் பொட்டும் தெரியும், உடனே தொட்டு மூடலாம்.

தார் கலந்த மலிவான அண்டர்சீலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதிதில் இளகி இருக்கும், சில குளிர்காலம் போனால் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் உப்புத்தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. மேலே இருந்து பார்த்தால் கறுப்பாக, அழகாக, முழுசாகத் தெரியும். எம்ஓடியில் (இங்கே வருடந்தோறும் நடக்கும் கார் தகுதிச் சோதனை) சுத்தியலால் தட்டும்போதுதான் உண்மை வெளியே வரும். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடிக்கிற இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் தகட்டின் பலம் போகிற அளவுக்குத் துரு இருந்தால் அது பெயில்தான். இந்த காரின் பின்சில் அந்த எல்லைக்குள் வந்துவிடும். பின்னால் வெல்டிங்குக்குக் கொடுக்கிற பணத்தை நினைத்தால் இப்போது ஒரு சனிக்கிழமை கூடுதலாகத் தேய்ப்பது மேல்.

ராப்டரைப் பற்றிக் கேட்டீர்கள். உறுதியில் குறை சொல்ல முடியாது. பிக்கப் வண்டியின் சுமைத்தளத்துக்காக வந்த பாலியூரித்தேன் பூச்சு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர் சேர்த்துத் துப்பாக்கியில் அடிக்க வேண்டும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதனால் நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஆயுள் முழுக்க ஆஸ்துமா. காகித மாஸ்க் எதற்கும் உதவாது, வெளியிலிருந்து காற்று தருகிற மாஸ்க் வேண்டும். வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றால் பெயின்ட் பூத் இருக்கிற பட்டறையில் கொடுங்கள்.

இனி சத்தம். உங்களுக்கு இரண்டு சத்தம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. கல் அடிக்கிறபோது தகடு அதிர்ந்து ஒலிக்கிறது. மணியில் கை வைத்தால் ஒலி நிற்பதுபோல, தகட்டின் அதிர்வைப் பிடித்துவிட்டால் அந்தச் சத்தம் செத்துவிடும். பியூட்டைல் ஷீட் செய்வது அதைத்தான். மேலே அலுமினியத் தாள், கீழே ஒட்டும் பியூட்டைல். தகடு வளையும்போது இரண்டுக்கும் நடுவில் பியூட்டைல் இழுபட்டு அதிர்வை வெப்பமாக மாற்றிவிடும். முழுதும் ஒட்ட வேண்டியதே இல்லை. தட்டிப் பார்த்து, எங்கே தகரம் மாதிரி ஒலிக்கிறதோ அந்தப் பரப்பின் நடுவில் கால் பங்கிலிருந்து பாதி வரை மூடினால் பலன் பெரும்பாலும் வந்துவிடும். அதற்கு மேல் ஒட்டுவது எடைதான். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோ அளவில் வரும். ஒரு டன்னை ஒட்டிய எடையில் இந்த காரைச் செய்தார்கள். அதன் சுகமே அதில்தான் இருக்கிறது.

அதைச் சக்கரம் இருக்கிற பக்கத்தில் ஒட்டலாமா என்றால், கூடாது. முதல் ஜல்லியிலேயே அலுமினியத் தாள் கிழியும். விளிம்பு தூக்கும், தண்ணீர் புகும், தகட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் உப்பு தங்கும். உள்பக்கமிருந்து ஒட்டினாலும் தகடு ஒன்றுதான், அதிர்வு அதேபோல அடங்கும். உங்கள் காரில் இது சுலபம். டிக்கிக் கார்ப்பெட்டின் கிளிப்புகளைக் கழற்றினால் இரண்டு பக்கமும் வளைவின் முதுகு தெரியும். வலப்பக்கம் பேட்டரி இருக்கிறது, மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். வளைவின் முன்பகுதி சீட்டுகளுக்குப் பின்னால், மேடைக் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. அதையும் தூக்கி ஒட்டுங்கள். ஆல்கஹாலால் துடைத்து, ஷீட்டைச் சூடாக்கி, சிறு உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். அடியில் காற்று இருந்தால் வேலை செய்யாது. தண்ணீர் வடிகிற துளை எதையும் மூடிவிடாதீர்கள்.

டயர் உறுமல் வேறு வகை. அது காற்று வழியாகவும் சஸ்பென்ஷன் வழியாகவும் வருகிறது. அதற்கு பியூட்டைல் கொஞ்சம்தான் உதவும். அதன்மேல் மூடிய துளை நுரை, அதற்கு மேல் கனமான வினைல் விரிப்பு போட்டால் நடுத்தர உறுமல் குறையும். சீட்டுக்குப் பின்மேடை முழுவதும் இடைவெளி விடாமல் போட்டால்தான் பலன், நடுவில் ஒரு கை அகலம் திறந்திருந்தாலும் சத்தம் அதன் வழியே வந்துவிடும். நுரை தண்ணீர் உறிஞ்சாத வகையாக இருக்க வேண்டும், துணிக்கூரைக் காரில் ஈரம் எப்படியும் வரும். ஆனால் துணிக்கூரை வழியாக வருகிற சத்தத்தை நாம் தடுக்க முடியாது. உறுமலில் பெரிய மாற்றம் வேண்டுமென்றால், அடுத்தமுறை டயர் மாற்றும்போது சத்தம் குறைவான டயரைத் தேடுங்கள். டயர் லேபிளில் டெசிபல் போட்டிருக்கும். அது வெளியே கேட்கிற சத்தத்தின் அளவு என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வாங்க வேண்டிய கடைசிப் பொருள் மெழுகு. எல்லாம் காய்ந்த பிறகு சில்லின் உள்ளே கேவிட்டி வாக்ஸ். வளைவின் விளிம்பு மடிப்புக்குள்ளும் நீளமான குழலை விட்டு அடியுங்கள். அந்த மடிப்பில்தான் துரு பிறக்கிறது.

பதில்: கோவை ரேலிப் பட்டறை

கவென்ட்ரி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. லைனர் பற்றி நான் சொல்கிறேன், அது எங்கள் தினசரி வேலை.

கோவையில் ரேலி கார்கள் தயார் பண்ணுகிற பட்டறை எங்களது. மண்பாதை ஸ்டேஜில் ஓடுகிற காருக்குக் கல் என்பது மழை மாதிரி வந்துகொண்டே இருக்கும். பூச்சை மட்டும் நம்பி எந்தக் காரையும் அனுப்ப மாட்டோம். தகட்டுக்கு முன்னால் தியாகம் பண்ண ஒரு தகடு வேண்டும், கிழிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். அதற்கு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்தான் எங்கள் தேர்வு. உங்கள் வேலைக்கு 2 மி.மீ. போதும். சதுர மீட்டருக்கு 2 கிலோ கூட வராது. கல் அடித்தால் உள்வாங்கிக்கொள்ளும், உடையாது. குளிரிலும் நொறுங்காது. அக்ரிலிக், கடினமான பிவிசி இரண்டும் வேண்டாம்.

முதலில் அட்டையில் வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். அட்டை சரியாக வருகிறவரை பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள். ஒரே துண்டாக முழு வளைவுக்கும் செய்யப் பார்த்தால் சிரமம், சஸ்பென்ஷன் இருக்கிற பக்கம் ஒட்டாது. கல் அடிக்கிறது பின்பாதி என்று அண்ணன் சொன்னார். எனவே வளைவின் உச்சியிலிருந்து பின் பம்பர் வரைக்கும் ஒரு துண்டு, முன்மூலைக்கு ஒரு சின்னத் துண்டு, இது போதும். ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி வளைக்கலாம். 130 டிகிரி பக்கம் போனால் உருகிவிடும், ஒரே இடத்தில் காட்டாதீர்கள்.

இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது, பெயின்ட்டும் நிற்காது. கிளிப்போ போல்ட்டோதான். துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாகப் போடுங்கள். வெயிலுக்கும் பனிக்கும் நடுவில் 40 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு மீட்டர் ஷீட் நான்கைந்து மி.மீ. நீளும். இறுக்கிப் பூட்டினால் அலை அலையாக வளைந்து டயரைத் தொடும்.

தகட்டுக்கும் லைனருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். கல்லின் அதிர்வு நேராகத் தகட்டுக்குப் போகாது, தண்ணீரும் வடியும். கீழ்முனை திறந்தே இருக்க வேண்டும். அங்கே மண் தங்கினால் நீங்களே ஒரு துருத்தொட்டி கட்டியதாக ஆகிவிடும். எக்ஸாஸ்ட் டப்பா இருக்கிற பக்கம் பிளாஸ்டிக்கைத் தள்ளியே வையுங்கள்.

டயர் தொடுகிறதா என்று பார்க்க, லைனரின் மேல் பல இடங்களில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணைக் கோலி அளவுக்கு ஒட்டுங்கள். டிக்கியில் எடை வைத்து, பக்கத்தில் ஒருவரையும் உட்கார வைத்து, மேடுபள்ளமான ரோட்டில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அங்கே இடம் போதவில்லை என்று அர்த்தம். காரை லோயரிங் பண்ணியிருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

மட்ஃப்ளாப் பற்றி யாரும் சொல்லவில்லை. முன்டயருக்குப் பின்னால் சின்ன மட்ஃப்ளாப் போட்டால் சில்லுக்கும் அந்த முன்மூலைக்கும் போகிற கல்லில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். அழகு குறையும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல பாலியூரித்தேன் மட்ஃப்ளாப் காரோடு அழகாகவே இருக்கும், எனக்குப் பிடித்த தோற்றமும் அதுதான்.

நம் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று. புதுக் கார் எடுக்கும்போதே அண்டர்பாடி கோட்டிங் என்று விற்கிறார்கள். வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் பழைய காருக்கு அடிக்கும்போது லைனரைக் கழற்றி, கழுவி, முழுதாகக் காயவைத்து அடிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். காலையில் விட்டு மதியம் எடுக்கலாம் என்று சொன்னால் காயவைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பதில்: நாரிச் எலீஸ்

எம்எக்ஸ்-5 இரும்பு, அதனால் பேச்சு எல்லாம் துருவைப் பற்றி. என்னிடம் இருப்பது லோட்டஸ் எலீஸ். அதே கல்லடி இங்கே வேறு விதமாகக் காயப்படுத்தும் என்பதால் சொல்கிறேன். பாடி கண்ணாடி இழை. உள்ளிருந்து ஒரு கல் பலமாக அடித்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, ஆனால் வெளியே பெயின்டில் நட்சத்திரம் மாதிரி கீறல்கள் விரியும். மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் அது திரும்ப வரும், அடியில் இழை வரை தோண்டிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஆகிற செலவு பெரிது.

ஆகவே கண்ணாடி இழைக் கார்களுக்குக் கடினமான பூச்சு பயன்படாது. அடியைப் பரப்பி வாங்குகிற மெத்தென்ற அடுக்கு வேண்டும். கோவை நண்பர் சொன்ன மாதிரி இடைவெளி விட்ட லைனர் மிகச் சிறந்தது. ஒட்டும் டயர் போட்டுக்கொண்டு டிராக் நாளுக்கு (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாள்) போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சூடான செமி-ஸ்லிக் (பள்ளங்கள் குறைவான பந்தய வகை) டயர் ஓரத்துக் கல்லையெல்லாம் வாரி எடுத்துக்கொள்ளும். டிராக்கை விட்டு வந்ததும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி அவற்றை உதிர்த்துவிட்டு அப்புறம் வேகம் எடுங்கள்.

லைனர் பூட்டும்போது இன்னொரு விஷயம். புதிய எம்எக்ஸ்-5இல், அதாவது 2015இல் வந்த தலைமுறையில், முன் விங் அலுமினியம். அதில் ஸ்டீல் போல்ட்டை நேராகப் பூட்டினால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும். நைலான் கிளிப், நைலான் வாஷர் பயன்படுத்துங்கள்.

லீட்ஸ் வாசு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வடிகுழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் நன்றாக வருகிறது, வலப்பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. நாளை அதைச் சுத்தம் செய்கிறேன்.

கவென்ட்ரி அண்ணா, இரண்டு சந்தேகம். லைனர் பூட்ட வளைவுத் தகட்டில் துளை போட வேண்டுமா? போட்டால் அதுவே துருவுக்கு வழி ஆகாதா? இன்னொன்று, புதிய கார்களில் வருகிற ஃபெல்ட் துணி லைனர் சத்தத்தை நன்றாக உறிஞ்சும் என்கிறார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதில் அதைப் போடலாமா?

கவென்ட்ரி பட்டறை

வலப்பக்கம் சொட்டுகிறது என்றால் அடைப்பு இருக்கிறது தம்பி, நாளைக்கே பாருங்கள். சுத்தம் செய்த பிறகு அந்தப் பக்கத்துச் சில்லின் அடியில் இருக்கிற வடிதுளைகளையும் ஒரு குச்சியால் திறந்துவிடுங்கள். தண்ணீரோடு பழுப்பு மண் வந்தால் எனக்குப் படம் போடுங்கள். அப்படி வந்தால் மெழுகை நிறுத்திவைத்துவிட்டு முதலில் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஃபோனில் மாட்டுகிற சின்ன கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது.

துளையைப் பற்றி உங்கள் பயம் நியாயமானது. முடிந்தவரை துளை போடாதீர்கள். பின் பம்பரை வளைவின் ஓரத்தில் பிடிக்கிற திருகுகள் இருக்கின்றன, கீழ்முனைக்கு அவற்றையே பயன்படுத்தலாம். மேலே, வளைவு விளிம்பின் உள்மடிப்பில் பிடித்துக்கொள்கிற யு-கிளிப் போட்டால் துளை வேண்டாம். ஆனால் கிளிப்புக்கு அடியில் பெயின்ட் தேயும், ஒரு துண்டு பாதுகாப்புப் படலம் ஒட்டி அதன்மேல் கிளிப் போடுங்கள். உச்சியில் ஒரு இடத்தில் துளை போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் டிக்கிக்குள் இருந்து அந்த இடத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் போகிற பக்கத்தில் துளையே வேண்டாம். போட்ட துளையின் விளிம்பைப் பிரைமர் தொட்டு மூடி, காய்ந்தபின் ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) வைத்து, அதற்குள் கிளிப்பைச் செருகுங்கள்.

ஃபெல்ட் நல்ல பொருள்தான். கல் அடித்தால் சத்தமே வராது, டயர் இரைச்சலையும் குடித்துவிடும். கார் கம்பெனிகள் அதற்கேற்ற வடிவத்தில் அழுத்தி வார்த்து, காற்றோட்டம் விட்டுப் பூட்டுகிறார்கள். நாம் கடையில் வாங்குகிற ஃபெல்ட்டை வெட்டி வைத்தால் தொங்கும். உப்புத்தண்ணீரை உறிஞ்சி நாட்கணக்கில் ஈரமாக இருக்கும், மண் ஏறினால் எடையும் கூடும். உங்கள் கார் கராஜ் இல்லாமல் வெளியே நிற்கிறது. அதனால் எனக்குப் பிளாஸ்டிக்தான் சரியாகப் படுகிறது. சத்தம் இன்னும் குறைய வேண்டுமென்றால், ஹெச்டிபிஇ துண்டின் முதுகில், தகட்டைப் பார்க்கிற பக்கத்தில், மூடிய துளை நுரையை அங்கங்கே சிறு பட்டைகளாக வைத்து நைலான் ரிவெட்டால் பிடித்துவிடுங்கள். நுரை தகட்டைத் தொடாமல் இருக்கட்டும்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: வடிகுழாய், கழுவுதல், குறைந்தது இரண்டு நாள் காய்தல், தேய்த்துப் பூசுதல், பிறகு உள்ளே ஷீட், கடைசியில் லைனர். லைனரை வருடம் ஒருமுறை, உப்புக் காலம் முடிந்து ஏப்ரல் வாக்கில் கழற்றி, பின்னால் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மாட்டுங்கள். அப்போதே மெழுகையும் பார்த்துத் தொட்டுவிடலாம். இந்த மாதம் வெயில் இருக்கிறது, பிரைமர் நன்றாகப் பிடிக்கும். செப்டம்பர் தாண்டினால் வெளியே வைத்துப் பூசுவது கடினம், அதனால் பூச்சை முதலில் முடித்துவிடுங்கள், டிக்கிக்குள் ஒட்டுகிற வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம்.